வைரம் வாங்கப் போன இடத்தில் பார்த்ததும் கேட்டதும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மகளுக்கு ஒற்றைக்கல் மோதிரம் எடுக்கப் போயிருந்தோம். தட்டில் வைத்த கற்கள் எல்லாமே தீப்பொறி பறக்க மின்னின. நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்கச் சின்னச் சின்ன ஸ்பாட் லைட். அந்த வெளிச்சத்தில் சுமாரான கல்லும் ஜொலிக்கத்தான் செய்யும். "ஜன்னல் பக்கம், நேர்வெயில் படாத இடத்தில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுக் கொண்டுவந்தார்கள்.

அங்கே வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. ஒரு கல்லின் மேல்பட்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். இன்னொன்றின் நடுப்பகுதி இருண்டு கிடந்தது. மூன்றாவது கல்லை எப்படிச் சாய்த்தாலும் ஒளியும் நிழலும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருந்தன. மூன்றுக்கும் நிறம், தெளிவு இரண்டும் ஒரே தரம்தான். வெட்டில்தான் வித்தியாசம். உள்ளே போகிற ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி மேலே வர வேண்டும். அடிப்பாகம் தட்டையாகிவிட்டால் அந்த வளையம் தெரியும். ஆழம் கூடிவிட்டால் நடுவில் இருட்டு விழும்.

அதனால் எங்கள் பணத்தை முதலில் வெட்டுக்குத்தான் ஒதுக்கினோம். வட்டக் கல்லுக்கு ஜிஐஏ என்ற வைர ஆய்வகம் 2006 முதல் வெட்டுத் தரத்தையும் தன் தர அறிக்கையில் போடுகிறது. எக்ஸலன்ட்டில் தொடங்கி புவர் வரை ஐந்து படிகள். நிறத்தில் டி, இ என்று நிறமே இல்லாத உச்சிக்குப் போகவில்லை. மஞ்சள் தங்கத்தில் பதித்தால் லேசாக மஞ்சள் கலந்த ஐ, ஜே நிறக் கல்கூடக் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. தெளிவும் அப்படித்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கண்ணாடியில் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள். விஎஸ்2, அதாவது மிகச் சிறிய குறைகள் மட்டுமே உள்ள தரக் கல்லில் இருக்கும் புள்ளி வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் அகப்படாது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். 50 சென்ட், ஒரு காரட் என்று ரவுண்டான எண்ணைத் தொட்டதுமே காரட்டுக்கான விலை எகிறிவிடுகிறது. நன்றாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், 92 சென்ட் கல்லுக்குச் சுமார் 6.3. விரலில் போட்ட பிறகு இந்த வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நாங்கள் 92 சென்ட்டையே எடுத்தோம். எடையை மட்டும் பார்க்காமல் விட்டத்தையும் கேளுங்கள். சில கற்களில் எடை முழுவதும் இடுப்பிலும் (கல்லின் சுற்று விளிம்பு) ஆழத்திலும் ஒளிந்திருக்கும்.

* * *

நான் கல் பதிக்கும் வேலையில் இருப்பவன். மேலே எழுதிய சகோதரி சொன்னது அத்தனையும் சரி. என் பங்குக்கு ஒன்று: முடிந்தவரை பதிக்காத கல்லாகப் பார்த்து வாங்குங்கள். பதித்த நகையில் விளிம்பு விரிசலைக் கல்லைப் பிடிக்கும் கொக்கிக்கு அடியில் மறைத்துவிடலாம். வைரம் எவ்வளவு கடினமானாலும் பிளவுத் திசையில் அடி விழுந்தால் உடையும். விளிம்பில் விரிசல் உள்ள கல்லில் கொக்கியை அழுத்தும்போது என் கையே நடுங்கும்.

ஒருவர் கல்லையும் அறிக்கையையும் சேர்த்துக் கொண்டுவந்து மோதிரம் செய்யச் சொன்னார். பதிப்பதற்கு முன் லூப்பில் இடுப்பைச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். லேசரில் பொறித்த எண் தெரிந்தது. ஆனால் அறிக்கையில் இருந்த எண் வேறு. தராசில் வைத்தேன், அறிக்கையில் 0.71 காரட், தராசில் 0.68. நல்ல காலம், கல்லை இன்னும் பதிக்கவில்லை. அப்படியே எடுத்துப் போய் மாற்றிக் கேட்கச் சொன்னேன், மாற்றியும் கொடுத்தார்கள். அறிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். அது உங்கள் கையில் இருக்கிற கல்லுக்குரியதா என்பதைப் பார்க்க வேண்டும். பொறித்த எண்ணைக் கடையிலேயே லூப்பில் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு எடை, அளவு, நிறம் எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள். எண் பொறிக்காத கல் என்றால் எடையையும் விட்டத்தையும் உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

* * *

எனக்கு நடந்தது, வைரமா என்று சோதிக்கும் டெஸ்டர் பேனா கதை. கடைக்காரர் அதைக் கல்மேல் வைத்தார், 'பீப்' என்று கத்தியது. "வைரம்தான் என்று மெஷினே சொல்லிவிட்டதே, சர்டிபிகேட் எதற்கு?" என்றார். அந்தப் பேனா வெப்பம் கடத்தும் தன்மையை மட்டும்தான் பார்க்கும். வைரம் போலச் செய்த சிர்கோனியாக் கல்லைப் போலி என்று அது பிடித்துவிடும். வைரம் போலவே மின்னும் வேறொரு கல்லான மொய்சனைட் வைத்தாலும் பல டெஸ்டர்கள் கத்தும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வைத்தாலும் கத்தும், ஏனென்றால் அதுவும் அசல் கார்பன் வைரம்தான். மொய்சனைட்டை லூப்பில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் பின்பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரியும். சிவிடி, ஹெச்பிஹெச்டி என்ற ஆய்வக முறைகளில் வளர்த்த வைரத்தை மட்டும் கண்ணாலோ லூப்பாலோ உறுதியாகப் பிரிக்க முடியாது, ஆய்வகக் கருவி வேண்டும். நான் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு வேறிடத்தில் வளர்த்த வைரமே வாங்கினேன், தெரிந்தே, அதற்கான அறிக்கையோடு. பெரிய கல் கிடைத்தது, மனதுக்கு நிறைவு. அதன் விலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக இறங்கியிருக்கிறது, மறுவிற்பனையில் பெரிதாக ஒன்றும் தேறாது. இது தெரிந்து வாங்குவதில் தவறே இல்லை. இயற்கைக் கல்லின் விலையில் அதைத் தலையில் கட்டுவதுதான் அநியாயம்.

* * *

தோடு, பதக்கம் பார்ப்பவர்களுக்காக இது. சீட்டில் "ஒரு காரட்" என்று இருந்தது. எத்தனை கல் என்று கேட்டேன். பொடிக்கற்கள் எல்லாம் சேர்ந்த மொத்த எடையாம். ஒற்றைக் கல் ஒரு காரட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட அது வர முடியாது. திரும்பக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், பணமாகத் தருவார்களா, வேறு நகைதான் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. பில்லில் எழுதித் தரச் சொன்னதும்தான் பிடித்தம் எத்தனை சதவீதம் என்ற பேச்சே வெளியே வந்தது.