இங்கிலாந்தில் 'பாரிஷ்' என்பது கோயில் பங்கா, ஊராட்சியா?

கேள்வி:
இங்கிலாந்து கிராமங்களைப் பற்றி எதைப் படித்தாலும் 'பாரிஷ்' வந்துவிடுகிறது. ஒரு இடத்தில் தேவாலயத்துப் பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) மாதிரி இருக்கிறது, இன்னொரு இடத்தில் ஊராட்சி மாதிரி. எது சரி? அதற்குள் சனங்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

பதில்:
இரண்டும்தான். ஆதியில் கோயில் பங்கு. 1538-இல் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதச் சொன்னார்கள். 1601 சட்டப்படி ஏழைகளுக்கு வரி வசூலித்துச் சோறு போடுவதும் பாரிஷின் தலையில் விழுந்தது. 1894-க்குப் பிறகுதான் ஊர்க் காரியத்துக்கென்று தனி கவுன்சில்.

பிழைப்பைத் தெரிந்துகொள்ள நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் கிராமத்துக்குப் போகணும். பக்கத்து ஊரான நியூவார்க்கில் இருந்த நாட்களில் நாலைந்து தடவை போயிருக்கிறேன். மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெரிய வயல்கள். உள்ளே வேலியே கிடையாது. ஒருவருக்கு நீளவாக்கில் ஒரு பட்டை நிலம், பக்கத்திலேயே வேறொருவர் பட்டை. நடுவில் வரப்புகூட இல்லை. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. வருஷா வருஷம் மாறும். மற்ற ஊர்கள் பலவற்றில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் போட்டு வேலி அடைத்துவிட்டார்கள். இங்கே தப்பித்தது. 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த ஊர்ப்படம் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. அதே மூன்று வயல்களில்தான் இன்றும் உழுகிறார்கள்.

ஒரு குடும்பத்து நிலம் நாலு திசையிலும் சிதறிக் கிடப்பதால் யாரும் வயலுக்கு நடுவில் குடியேறவில்லை. பண்ணை வீடுகள் எல்லாம் ஊர்த்தெருவிலேயே. முதல் தடவை அந்தத் தெருவில் நடந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது.

இன்னொருவர்:
எங்கள் வீட்டில் அரை அடி வரப்புக்காகப் பெரியப்பாவும் அப்பாவும் பன்னிரண்டு வருஷம் பேசவில்லை. வரப்பே இல்லாத இடத்தில் சண்டையை யார் தீர்ப்பது?

முதலில் பதில் சொன்னவர்:
அதற்குத்தான் 'கோர்ட் லீட்'. இது பாரிஷ் சபை இல்லை, பழைய பண்ணையார் மன்றம், குழப்பிக்கொள்ளாதீர்கள். நவம்பர் கடைசியில் விவசாயிகளிலிருந்தே அமைந்த ஜூரி கோதுமை வயலில் இறங்கும். பட்டை முடிகிற இடத்தைக் கண்ணால் நிதானித்து முளைக்குச்சி அடிப்பார்கள். பாதையையோ 'சைக்' என்கிற பொதுப் புல்தரையையோ யாராவது உழுது தின்றிருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் ஊர் மதுக்கடையான டவ்கோட் இன்னில் மன்றம் கூடி அபராதம் போடும். தொகை சின்னதுதான். ஆனால் அக்கம்பக்கத்தார் முன்னால் பேர் வாசிக்கப்படுமே!

2020-இல் நிலம் 'கிரவுன் எஸ்டேட்' என்கிற முடியரசுச் சொத்து நிர்வாகத்திடமிருந்து தோர்ஸ்பி எஸ்டேட் என்கிற தனியார் பண்ணைக்குக் கைமாறியபோது எனக்குப் பதைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்றம் தொடர்கிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. அடுத்த வருஷம் மகளைப் பார்க்க லெஸ்டர் போகிறேன். போய்ப் பார்க்கலாமா?

முதலில் பதில் சொன்னவர்:
தாராளமாக. மதுக்கடைக்குப் பக்கத்திலேயே விவரக்கூடம் இருக்கிறது. மழைக்காலம் என்றால் முழங்கால் உயர பூட்ஸ் வேண்டும். அந்தக் களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.