டிராலிபஸ்: கம்பியா, கொம்பா?

அன்பு நண்பர்களுக்கு,

ஒரு சின்ன உதவி வேண்டும். சின்னது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். மூன்று நாளாய் அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் பெரியப்பா 1950களில் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் பிஸ்கட் டப்பாவில் புகைப்படங்கள் கொண்டுவருவார். ஆள் படம் குறைவு. பஸ், லாரி, கப்பல்தான் அதிகம். "மனுஷனை எடுத்தா காசு கேப்பான், பஸ் கேக்காது" என்பார். இப்போது டப்பா என்னிடம் இருக்கிறது. படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் இரண்டு வரி எழுதி வருகிறேன்.

பதினேழாவது படத்தில் வேலை நின்றுவிட்டது. கெய்லாங் பக்கம் ஒரு தெரு, 1958. மாடியில்லாத பேருந்து ஒன்று ஓரமாய் நிற்கிறது. கூரையிலிருந்து பின்பக்கமாக இரண்டு நீண்ட கழிகள். ஒன்று மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மற்றது கம்பியை விட்டு விலகி வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. பின்னால் அரைக்கால்சட்டை போட்ட நடத்துநர், ஒரு மூங்கிலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கழுத்து ஒடிய அண்ணாந்து பார்க்கிறார். கடைசி ஜன்னலில் ஒரு சீனக் கிழவி, இதெல்லாம் தினம் நடப்பதுதான் என்கிற முகத்தோடு. படத்தின் பின்புறம் பெரியப்பா பென்சிலால் எழுதியிருப்பது ஒரே சொல்: "கழண்டுக்கிச்சு."

ஆங்கிலத்தில் இந்த வண்டி டிராலிபஸ்: தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து கழி வழியாக மின்சாரம் எடுத்துச் சாலையில் ஓடும் பேருந்து. இந்தப் படத்துக்குத் தமிழில் குறிப்பு எழுத வேண்டும். வண்டிக்கு என்ன பெயர்? கழிக்கு? கழி நழுவுவதற்கு? அந்த மூங்கிலுக்கு?

இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டேன். "தள்ளுவண்டிப் பேருந்து" என்று வந்தது. எனக்கு ராத்திரி இட்லிக் கடைதான் ஞாபகம் வந்தது. இங்கே டிராலி என்பது தள்ளுகிற வண்டி இல்லை, கம்பியில் உருண்டோடும் உருளை. 1882இல் பெர்லினை ஒட்டிய ஹாலன்ஸேயில் ஜெர்மன் பொறியாளர் சீமென்ஸ் ஓட்டிக்காட்டிய முதல் வண்டியில் கழியே கிடையாது. எட்டுச் சக்கரம் வைத்த குட்டி வண்டி ஒன்று மேலே கம்பிகளின்மீது உருண்டு போகும். கீழே சாரட்டு மாதிரி ஒரு வண்டி, வடத்தால் அதோடு கட்டுண்டு பின்னாலேயே போகும். ஓடியது 540 மீட்டர், ஒன்றரை மாதம், அவ்வளவுதான். பிறகு கழி வந்தது, அதன் நுனியில் ஒரு சக்கரம் வந்தது. பிற்காலத்தில் சக்கரமும் போய், கம்பியில் உராய்ந்து வழுக்கும் கரிக்கட்டை வந்தது. டிராலி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பழைய பெயரை நாம் மொழிபெயர்ப்பதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

* * *

அன்புள்ள நண்பருக்கு,

நான் மின்வாரியத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். அதற்கு முன் பம்பாயில் படித்தபோது, கோவாலியா டாங்குக்கும் மஸ்காவ் துறைமுகத்துக்கும் இடையே நகரப் பேருந்து நிறுவனமான பெஸ்ட் ஓட்டிய டிராலிபஸ்ஸில் ஏறியிருக்கிறேன். 1962 ஜூன் 11 முதல் 1971 மார்ச் 24 வரை அது ஓடியது.

"மின்சாரப் பேருந்து" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரை மின்கலத்தில் ஓடும் வண்டி எடுத்துக்கொண்டது. சென்னையில் மின்சார பஸ் என்றால் இப்போது அதுதான். திருப்பி வாங்க முடியாது.

சொல் தேடுமுன் ஏன் இரண்டு கழி என்று பார்த்துவிடுவோம், விஷயம் அதில்தான் இருக்கிறது. டிராமுக்கு மேலே ஒரே கம்பி போதும். மின்சாரம் கம்பியில் வந்து, மோட்டாரைச் சுற்றிவிட்டு, இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடும். ரப்பர் டயர் வைத்த வண்டிக்கு அந்த வழி அடைபட்டது. ஆகவே வர ஒரு கம்பி, திரும்பிப் போக ஒரு கம்பி. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டடி. வழக்கமாக 600 வோல்ட், நேர்மின்னோட்டம். கழி அடிப்பக்கத்தில் இடமும் வலமும் திரும்பும், சுருள்வில் அதை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் வண்டி கம்பிக்கு நேர் கீழேயே போக வேண்டும் என்பதில்லை. நடுத்தெருவில் ஒரு கைவண்டி நின்றால் ஒதுங்கிப் போகலாம். டிராமால் அது ஆகாது, மணி அடித்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

நீங்கள் கேட்ட மூங்கிலுக்கும் காரணம் இருக்கிறது. நீளம், கனமில்லை, உலர்ந்திருந்தால் மின்சாரம் கடத்தாது.

ஆகவே என் பரிந்துரை: வண்டிக்கு "இருகம்பிப் பேருந்து" அல்லது "மின்கம்பிப் பேருந்து". கழிக்கு "மின்னேற்புக் கழி". நழுவலுக்குக் "கம்பியிழப்பு".

கோவையிலிருந்து

* * *

வணக்கம்.

கொழும்பில் பிறந்து வளர்ந்த கிழவன் நான். சென்னையில் டிராம் நின்றது 1953இல் என்று படித்திருக்கிறேன். அதே 1953இல்தான் கொழும்பில் ட்ரொலி பஸ் தொடங்கியது. 1964 வரை ஓடியது. இங்கே டிராம் 1960இல்தான் நின்றது என்பதால் சில காலம் இரண்டையும் பார்த்தவர்கள் நாங்கள்.

தம்பி எழுதிய படத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது சத்தம், அல்லது சத்தம் இல்லாதது. எஞ்சின் இரையாது. வண்டி வருவது தெரியாது, ஆனால் கம்பி முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். தலைக்கு மேலே "ஸ்ஸ்" என்று ஒரு சன்னமான இரைச்சல் வரும். பள்ளிக்கூடப் பெடியன்கள் நாங்கள் தெருவைப் பார்க்காமல் மேலே காதைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். மழை நாளில் கழி நுனியில் நீலப் பொறி பறக்கும். அதைப் பார்க்க நனைந்ததும் உண்டு, வீட்டில் ஏச்சு வாங்கியதும் உண்டு.

எங்கள் அம்மம்மாவுக்கு ட்ரொலி என்று வாயில் வராது. "கொம்பு வைச்ச பஸ்ஸிலயே வந்தனீங்கள்?" என்றுதான் கேட்பா. கலைச்சொல் அகராதியில் ஏறுமோ தெரியாது, சொல்லி வைக்கிறேன்.

கொழும்பிலிருந்து

* * *

ஐயா இருவருக்கும் நன்றி.

கோவை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கம்பியை வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். "கம்பிப் பேருந்து" என்று வீட்டில் சொன்னதும் என் மகள் கேட்டது: "ஜெயிலுக்குக் கூட்டிப்போற வண்டியாப்பா?" அவள் மேல் தப்பில்லை. நம்மிடம் கம்பி எண்ணுவான், கம்பி நீட்டுவான், இப்போது போதாக்குறைக்குக் கம்பி கட்டுகிற கதை. மின் சேர்த்து "மின்கம்பிப் பேருந்து" என்றால் மின்கம்பம் பழுதுபார்க்க வரும் வாரிய வண்டி மாதிரி இருக்கிறது. "கம்பியிழப்பு" என்றால் யாரோ செம்புக் கம்பியைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். இத்தாலியர்கள் "ஃபீலோபுஸ்" என்கிறார்கள், ஃபீலோ என்றால் இழை, கம்பி. சுவீடன்காரர்களும் கம்பிபஸ்தான். ஜெர்மானியர்கள் மேல்கம்பிப் பேருந்து என்று முழ நீளத்துக்குச் சொல்லிவிட்டு, வாய் வலித்து "ஓபுஸ்" என்று சுருக்கிக்கொண்டார்கள். சீனர்கள் தண்டவாளமில்லா மின்வண்டி என்கிறார்கள். பிராட்போர்டிலும் லீட்ஸிலும் 1911இல் முதலில் விட்டபோது ஆங்கிலேயர்களும் தண்டவாளமில்லாதது என்றுதான் சொன்னார்கள். டிராம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்போது தெரிந்தது, இல்லாத தண்டவாளம். நமக்கு அந்தப் பெயர் ஒத்துவராது. எல்லாப் பேருந்துக்கும்தான் தண்டவாளம் இல்லை.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ரஷ்யர்களுடையது. ஏட்டில் அவர்களும் டிராலிபஸ் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் சோவியத் காலத்தில் கிரைமியாவின் சிம்ஃபெரோபோலிலிருந்து யால்டா வரை 86 கிலோமீட்டர் மலை ஏறி இறங்கும் தடத்தைப் போட்ட அந்த மக்கள், பேச்சில் கழிகளைச் சொல்வது "கொம்பு" என்று. கொழும்பு அம்மம்மாவும் அவர்களும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி.

நம் ஆட்களும் வண்டிக்குப் பெயர் வைத்தது கண்ணில் பட்டதை வைத்துத்தான். உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியது கரி பஸ். மேலே ஒரு தளம் இருந்தால் மாடி பஸ். சக்தி எங்கிருந்து, எந்த முறையில் வருகிறது என்று யாரும் இலக்கணம் பார்க்கவில்லை.

கொம்பில் இன்னொரு வசதி இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கற்றபோது நாம் எல்லோரும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று சொல்லித்தான் கற்றோம். கழி வைத்த பழைய டிராம் ஒற்றைக்கொம்பு, இது இரட்டைக்கொம்பு. கோவை ஐயா விளக்கிய மின்சாரம் போய்த் திரும்பும் கணக்கு முழுதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. பேருந்து என்று எழுதக் கை வைத்தாலே முதலில் போடுவது இரட்டைக்கொம்புதானே! (இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.)

ஆகவே வண்டி "கொம்புப் பேருந்து". கழி வெறும் "கொம்பு".

மூங்கிலுக்குச் சொல் பண்ணவே வேண்டாம், நம் வீட்டுக் கொல்லையில் சாத்தியிருக்கிறது. லண்டன் வண்டிகளில் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு குழாய் இருக்கும். மூங்கிலை அதில் செருகி வைத்திருப்பார்கள். கொம்பு நழுவினால் நடத்துநர் இறங்கி, பின்னாலிருந்து அதை உருவுவார். உருவ உருவ வந்துகொண்டே இருக்கும். நுனியில் ஒரு கொக்கி. முருங்கைக்காய் பறிக்க, ஆட்டுக்குக் கிளை வளைக்க நாம் வைத்திருப்பது என்ன? துரட்டி. வேறு என்ன பெயர் வேண்டும்?

கம்பி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சாதனம் உண்டு, அதை ஆங்கிலத்தில் தவளை என்பார்கள். தண்டவாளத்திலிருந்து வந்த பெயர். பிரிட்டிஷ் ஊர்களில் பல சந்திகளில் கம்பத்தில் ஒரு கைப்பிடி தொங்கும். நடத்துநர் இறங்கிப் போய் அதை இழுத்துப் பிடித்துக்கொள்வார். இரண்டு கொம்பும் கடந்த பிறகு விட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றிக்கொள்வார். அந்தச் சாதனத்துக்குத் "தவளை" என்று எழுதினால் படிப்பவன் கம்பியில் தவளையைத் தேடுவான். மரத்தில் கிளை பிரிவது கவை. "கம்பிக்கவை" போதும்.

கடைசியாக, நழுவல். ரயில் என்றால் தடம்புரண்டது என்கிறோம். இதற்குப் பெரியப்பாவே எழுதி வைத்துவிட்டார், நான்தான் மூன்று நாள் வேறு எங்கெங்கோ தேடினேன். "கொம்பு கழன்றது." பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் "கொம்பு கழல்வு".

காரைக்குடியிலிருந்து

* * *

தம்பி,

பாடநூல் மொழிபெயர்ப்பில் இருபது வருடம் இருந்தவள் என்பதால் ஒரு முட்டுக்கட்டை. துரட்டி, கவை, கழல்வு மூன்றும் அருமை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்கிறேன். கொம்புப் பேருந்தில்தான் எனக்குத் தயக்கம். "மாட்டுக்கொம்பு ஏற்றிப்போகும் பேருந்து" என்று ஒரு குறும்புக்காரப் பையனாவது பரீட்சையில் எழுதுவான். பாட்டி சொன்னது அழகு, ஆனால் பாட்டி எதிரே வண்டி நின்றது. இன்றைய தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு வண்டியும் தெரியாது, கொம்பும் தெரியாது. டிராம், லாரி, கார் என்று விட்டது போல டிராலிபஸ் என்றே விட்டால் என்ன குறைந்துபோகும்?

இன்னொன்று. இப்போது வரும் புது வண்டிகள் மின்கலமும் வைத்திருக்கின்றன. கம்பி இல்லாத தெருவில் கொம்பைத் தாழ்த்திக் கூரையில் கட்டிவிட்டுப் போகின்றன. அப்போது அதன் பெயர் என்ன?

திருச்சியிலிருந்து

* * *

அக்கா,

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். கொம்பைத் தாழ்த்தினாலும் மாடு மாடுதான். கம்பிப் பேருந்து என்று வைத்திருந்தால்தான் கம்பி இல்லாத தெருவில் மாட்டியிருப்போம்.

முதல் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. சென்னையில் டிராம் போனதும் நேரே பஸ் வந்துவிட்டது, நடுவில் இந்த வண்டி வந்திருந்தால் தெருவே பெயர் வைத்திருக்கும், நாம் இப்படி மடல் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். நீங்கள் சொல்வதை இப்படி ஏற்கிறேன்: தொகுப்பின் முன்னுரையில் ஒரே ஒருமுறை "டிராலிபஸ் என்னும் கொம்புப் பேருந்து" என்று எழுதிவிடுகிறேன். அதற்கப்புறம் கொம்புதான். பாடநூலுக்கு எது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், அங்கே நான் வாய் திறக்கவில்லை.

குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது:

"படம் 17. கெய்லாங், சிங்கப்பூர், 1958. கொம்புப் பேருந்து. ஒரு கொம்பு கழன்று நிற்கிறது, நடத்துநர் துரட்டியால் அதைக் கம்பியில் ஏற்றப் பார்க்கிறார். படத்தின் பின்புறம் பென்சிலில்: கழண்டுக்கிச்சு."

படம் 18இல் ஓட்டுநருக்கு எஞ்சினை ஒட்டி ஒற்றை ஆள் உட்காரும் தனிக்கூண்டு, பயணிகளுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "அரைக்கூண்டு" என்று எழுதி வைத்திருக்கிறேன், திருப்தியில்லை. நாளைக்கு அதற்குத் தனி இழை போடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து