3 அங்குலக் குழல் .32 ரிவால்வர்: தற்காப்புக்கு எந்தத் தோட்டா?

போச்சம்பள்ளி தோப்பு:
வணக்கம். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்குள்ளேயே எங்க வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. சீசன் நேரத்தில் மண்டிப் பணம் ஒரு ராத்திரியாவது வீட்டில் தங்கும். அப்பா காலமான பிறகு வாரிசு முறையில் விண்ணப்பித்து லைசென்ஸ் என் பேருக்கு வந்துவிட்டது. கான்பூரில் செய்த .32 ரிவால்வர், மடித்துத் திறக்கிற மாதிரி, ஆறு தோட்டா, குழல் 3 அங்குலம்.

அப்பா வைத்திருந்த தோட்டாக்கள் தோல் பையில் இருக்கின்றன. கணக்கில் ஏற்றியதுதான், ஆனால் சிலதில் பச்சை பூத்திருக்கிறது. பெரியப்பா மகன் .32 பிஸ்டல் வைத்திருக்கிறார். "ரெண்டும் முப்பத்திரண்டுதானே, பிஸ்டல் தோட்டாதான் வேகம், கொஞ்சம் எடுத்துக்கோ" என்கிறார். முனையில் குழி உள்ள தோட்டாதான் தற்காப்புக்கு நல்லது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எதை வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பர்கூர் பழைய ஆர்மரர்:
தம்பி, முதல்ல பிஸ்டல் தோட்டா விஷயத்தை முடிச்சுடுவோம். அதை உங்க ரிவால்வரில் போடவே கூடாது. ரெண்டுக்கும் குண்டின் விட்டம் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனாலதான் இந்தக் குழப்பம். ஆனா உங்களுக்கு வேண்டியது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். அதன் வெற்றுக்கூடு 23 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. பிஸ்டலுக்கானது .32 ஏ.சி.பி., 7.65 மில்லிமீட்டர்னும் சொல்வாங்க. அதன் கூடு 17 மில்லிமீட்டர் சொச்சம்தான். பிஸ்டல் தோட்டாவுக்கு அடியில் சின்ன விளிம்பு இருக்கிறதால சில ரிவால்வர் சிலிண்டரில், அதாவது தோட்டா போடுற சுழல் உருளையில், நழுவாம உட்கார்ந்துக்கும். உட்கார்ந்தா பொருத்தம்னு நினைச்சுடாதீங்க. லாங் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு அழுத்தம், ஏ.சி.பி.க்கு 20,500. உங்க துப்பாக்கி அந்த அழுத்தத்துக்குச் செஞ்சது இல்லை. மடித்துத் திறக்கிற மாதிரியில் குழலையும் உடம்பையும் பூட்டுற கொண்டிதான் மொத்த அடியையும் தாங்குது, அதைத் தளர விடக்கூடாது.

இன்னொண்ணு, அவர் தோட்டா அவர் லைசென்ஸுக்கு. உங்க லைசென்ஸில் எந்த ரகம், எத்தனைன்னு எழுதியிருக்கோ அதுதான் உங்க கையில் இருக்கணும். அண்ணன் தம்பிக்குள்ள கொடுத்து வாங்கினாலும் ஆயுதச் சட்டத்தில் அது குற்றம்தான்.

பச்சை பூத்ததைச் சுடாதீங்க. தோல் பதனிடுற ரசாயனம் பித்தளையை அரிக்கும், கூடு பலவீனமாகும். தோட்டாவை எப்பவும் அட்டைப் பெட்டியில் வைங்க, எண்ணெய் போட்டுத் துடைக்காதீங்க, தோட்டா அடியில சுத்தியல் அடிக்கிற பிரைமருக்குள்ள இறங்கினா வெடிக்காமப் போகும். கெட்டதைக் கிணற்றில் போடுறது, குழி தோண்டிப் புதைக்கிறது எல்லாம் வேண்டாம். ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ கேட்டு ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோங்க.

ஓசூர் ரேஞ்ச்:
குழி முனை பற்றி நான் சொல்கிறேன். குட்டைக் குழல் துப்பாக்கியின் சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

தோட்டாவின் வெடிமருந்து எரிந்து வரும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கும் வரைதான் அதைத் தள்ளும். குழல் முடிந்தால் தள்ளுவதும் முடிந்தது. மீதி வெளியில் தீயாகவும் சத்தமாகவும் போகும். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியிலும் கொஞ்சம் கசியும். .32 லாங் தோட்டாவின் வழக்கமான 98 கிரெயின் குண்டு, அதாவது 6 கிராமுக்குச் சற்று மேல், 4 அங்குலக் குழலில் விநாடிக்குச் சுமார் 215 மீட்டர்தான் போகும். 3 அங்குலத்தில் அதற்கும் குறைவு. குழி முனை விரிய வேகம் வேண்டும். வேகம் இல்லாவிட்டால் குழியில் துணி அடைத்துக்கொண்டு சாதாரணக் குண்டாகவே போகும். விரிந்துவிட்டால் இருக்கிற கொஞ்ச சக்தியும் அதிலேயே செலவாகி ஆழம் போகாது. அமெரிக்காவில் 1986 மியாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு, உடல் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனையில் குறைந்தது 12 அங்குல ஆழம் வேண்டும் என்று வைத்தது. அங்கே 2 அங்குலக் குழல் .38 ஸ்பெஷல் வைத்திருப்பவர்களே பலர், விரியும் குண்டை நம்பாமல் 148 கிரெயின் தட்டை முனைத் தோட்டாவை எடுக்கிறார்கள். நம்முடையது .38-ஐ விடச் சிறியது.

அந்த வீடியோக்கள் அந்த நாட்டுக் கடைகளுக்குப் பொருந்தும். நமக்குக் கடையில் கிடைப்பது புனே கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் உருண்டை முனைத் தோட்டா. உங்கள் குழலுக்கு அது சரியான தேர்வுதான், ஏதோ குறைந்ததை வாங்குகிறோம் என்று நினைக்காதீர்கள். .32 எச் அண்ட் ஆர் மேக்னம், .327 ஃபெடரல் என்று காதில் விழுந்தால் கடந்துவிடுங்கள். அவற்றின் கூடு நீளம், அழுத்தமும் அதிகம், வேறு துப்பாக்கிக்கானவை.

தளி ராகிக்காட்டான்:
இடையில கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க பக்கம் யானை ராகிக்காட்டுக்குள்ள இறங்குது. இந்த மாதிரி ரிவால்வர் இருந்தா வெரட்ட உதவுமா?

பர்கூர் பழைய ஆர்மரர்:
வேண்டவே வேண்டாம் சாமி. இந்தக் குண்டு யானையை நிறுத்தாது, காயப்படுத்தி உங்க மேல திருப்பி விடும். யானை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கு. வனத்துறைக்குத்தான் சொல்லணும். வானத்தைப் பார்த்துச் சுடுறதும் கூடாது, மேல போன குண்டு யார் தலையிலயாவது இறங்கும்.

போச்சம்பள்ளி தோப்பு:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி சார். பிஸ்டல் தோட்டாவை அண்ணன்கிட்டேயே இருக்கச் சொல்லிட்டேன். கடையில் புதுப் பெட்டி வாங்கினால் எப்படிச் சரிபார்ப்பது? வீட்டில் குழந்தைகள் இருக்காங்க, அடுத்த அறைக்குக் குண்டு போகுமா என்பதும் பயம்.

ஓசூர் ரேஞ்ச்:
குண்டு போகும். மரக்கதவு, தகரம், ஆஸ்பெஸ்டாஸ் எதுவும் இதை நிறுத்தாது. தோட்டாவை மாற்றினால் இந்தப் பயம் தீராது. குழந்தைகள் எந்த அறையில் படுக்கிறார்கள், எந்தப் பக்கம் செங்கல் சுவர் இருக்கிறது என்று பகலிலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்து, எந்தத் திசையில் சுடவே கூடாது என்று முடிவு செய்யுங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே அறைக்குள் தாழ் போட்டு 112-க்கு அழைப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா 37-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: காவலர் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கும் செய்யக்கூடாது. பணத்தைக் கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுடுவதற்கு இந்த லைசென்ஸ் இல்லை.

புதுப் பெட்டியில் ஒவ்வொரு தோட்டாவாகப் பாருங்கள். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு மேல் துருத்தக்கூடாது, குண்டு கூட்டுக்குள் உள்வாங்கியிருக்கக்கூடாது. பிறகு அங்கீகாரம் உள்ள ரைபிள் கிளப் ரேஞ்சில் அதே பெட்டியிலிருந்து சுடுங்கள். ஏழு மீட்டரில் குறிக்கு மேலா கீழா எங்கே படுகிறது என்று தெரிந்தாக வேண்டும். டிரிக்கர் அழுத்தியும் வெடிக்காவிட்டால் அரை நிமிடம் குறிப்பலகை பக்கமே பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். சத்தம் மெலிந்து "பொசுக்" என்று கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது, குண்டு குழலில் சிக்கியிருக்கும்.

பர்கூர் பழைய ஆர்மரர்:
அதுக்கு முன்னாடி ஒரு வேலை. அப்பா காலத்துத் துப்பாக்கி, வருஷக்கணக்கா சும்மா கிடந்தது. லைசென்ஸ் உள்ள பழுது பார்க்கிறவர்கிட்டக் காட்டி, கொண்டி ஆடுதா, சுத்தியலை இழுத்து நிறுத்தும்போது சிலிண்டர் குழலுக்கு நேரா நிக்குதான்னு பார்க்கச் சொல்லுங்க. அதை முடிச்சுட்டுத் தோட்டா வாங்கலாம்.

போச்சம்பள்ளி தோப்பு:
சரிங்க ஐயா. இந்த வாரமே துப்பாக்கியைக் காட்டிவிடுகிறேன். பச்சை பூத்ததை ஸ்டேஷனில் ஒப்படைக்க எழுத்தில் மனு வேண்டுமா, லைசென்ஸ் புத்தகம் போதுமா?

பர்கூர் பழைய ஆர்மரர்:
ரெண்டும் கொண்டு போங்க. மனுவில் ரகம், எண்ணிக்கை எழுதி, ஒரு நகலில் முத்திரை வாங்கி வச்சுக்கோங்க.