ஜாக்கிக்கு நற்குண விருது: ஜார்ஜ் வூல்ஃப் பெயரில் கொடுப்பது சரியா?

வெயிலோன்:
அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஜாக்கிகளுக்கு, அதாவது குதிரை ஓட்டுபவர்களுக்கு, 1950 முதல் ஜார்ஜ் வூல்ஃப் என்ற பழைய ஜாக்கியின் பெயரில் நினைவு விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள். நடத்துவது கலிபோர்னியாவின் சாந்தா அனிடா மைதானம். எத்தனை ரேஸ் ஜெயித்தார் என்பது கணக்கில்லை, ஜாக்கியின் நடத்தை, நேர்மை, தொழிலுக்குச் சேர்த்த மரியாதை இதையெல்லாம் பார்த்து சக ஜாக்கிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவைதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் பெயரில்? 1938 ஆகஸ்டில் டெல் மார் மைதானத்தில் சீபிஸ்கட், லிகரோட்டி என்ற இரண்டே குதிரைகள் மோதிய பந்தயம். சீபிஸ்கட் மேல் வூல்ஃப். கடைசிக் கட்டத்தில் லிகரோட்டியின் ஜாக்கி ரிச்சர்ட்சன் இவருடைய சேணத்துணியைப் பிடிக்கிறார், சவுக்கைப் பிடிக்கிறார். இவர் பதிலுக்கு லிகரோட்டியின் கடிவாளத்தையே பிடித்துக்கொண்டு மூக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். இரண்டு பேருக்கும் தடை விழுந்தது. அவர் பெயரில் நேர்மைக்கு விருது என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

லாடம்:
ஒரே ஒரு பந்தயத்தை வைத்து மனிதரை எடை போடுகிறீர்களே. முதலில் கை வைத்தது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி, அதே வருடம் நவம்பரில் நடந்ததையும் சொல்லுங்கள். பிம்லிகோ மைதானத்தில் வார் அட்மிரல் என்ற குதிரைக்கு எதிரான போட்டி. சீபிஸ்கட்டின் வழக்கமான ஜாக்கி ரெட் பொல்லார்ட் கால் உடைந்து கிடந்தார். வேறு ஒருவனாக இருந்தால் தன் குதிரையை இன்னொருவன் ஓட்டுவதைப் பொறுத்துக்கொண்டிருப்பானா? அவர் வூல்ஃபைக் கூப்பிட்டு, முதலில் முன்னால் போ, பிறகு வார் அட்மிரலைப் பக்கத்தில் வர விடு, அவன் வந்து சேர்ந்ததும் நம் சீபிஸ்கட் இன்னும் ஓடுவான் என்று யோசனை சொன்னார். வூல்ஃபும் தன் பெருமைக்கு வேறு மாதிரி ஓட்டாமல் அப்படியே செய்தார். நாலு குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி. 1946 ஜனவரியில் இதே சாந்தா அனிடாவில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார், வயது 35, நீரிழிவோடு போராடிக்கொண்டே ஓட்டியவர். அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது, அதன் சிறிய வடிவம்தான் விருது.

வெயிலோன்:
அந்தக் கதையில் பெருந்தன்மை பொல்லார்டுடையது. அப்படியானால் அவர் பெயரில் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்! அப்புறம் 1953-இல் விருது வாங்கியவர் எடி ஆர்காரோ. 1942-இல் இன்னொரு ஜாக்கியை வேண்டுமென்றே வேலியோடு நசுக்கப் பார்த்ததற்காக ஒரு வருடம் போலத் தொழில் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தவர். விசாரணையில், அவனைக் கொல்லத்தான் பார்த்தேன் என்கிற அளவுக்குப் பேசியவர். இவருக்கு நற்குண விருது.

லாடம்:
ஆமாம், பதினோரு வருடம் கழித்து. யார் கொடுத்தது? அவரோடு தினமும் ஓட்டிய ஆட்கள். நசுக்கப்பட்டால் உயிர் போகும் என்பது உங்களையும் என்னையும் விட அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மன்னித்ததை நீங்கள் ஏன் மறுபடி கிளறுகிறீர்கள்?

தெருமுனை வாசகன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சூதாட்டத்தில் என்ன நேர்மை, என்ன விருது? பணம் கட்டுகிறவன் குடும்பத்தைப் போய்க் கேளுங்கள்.

லாடம்:
பணம் கட்டுவது வேறு, குதிரையை ஓட்டுவது வேறு. நம் உச்ச நீதிமன்றமே 1996-இல் தமிழ்நாட்டு வழக்கில் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டது. அதற்கு வேண்டுமானால் தனி இழை திறங்கள், இங்கே வேண்டாம்.

மழைக்காகிதம்:
நீங்கள் இரண்டு பேரும் பழைய ஆட்களின் ஜாதகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சுமார் 500 கிலோ மிருகம் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது முன்னால் போகிறவன் அரை அடி சாய்ந்தால் பின்னால் வருகிறவன் கீழே. 1973-இல் செக்ரடேரியட் என்ற குதிரையை ஓட்டி மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்த ரான் டர்காட் 1978-இல் பெல்மான்ட் மைதானத்தில் விழுந்தார், பிறகு வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி. 1979-இல் அவருக்கு இந்த விருது கொடுத்தார்கள். அது மரியாதையா அனுதாபமா, யாருக்குத் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. தோற்ற குதிரையை ஓட்டிய ஜாக்கிக்குக் கிடைப்பது சுமார் 100 டாலர்தான், பல மாநிலங்களில் அவர்கள் யாருடைய ஊழியரும் இல்லை, அதனால் வழக்கமான காப்பீடும் கிடையாது. நிரந்தரமாக முடங்கியவர்களுக்கென்று ஒரு நிதி 2006-இல்தான் வந்தது, அதுவும் நன்கொடையை நம்பி ஓடுகிறது. சிலை கொடுக்கிற மைதானங்கள் முதலில் அதற்குப் பணம் கட்டட்டும்.

லாடம்:
நிதிக்குப் பணம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் விருதை நிறுத்தினால் ஒரு ஜாக்கிக்காவது கூடுதலாக ஒரு டாலர் போகுமா? மேரிலாந்தில் காலம் முழுக்க ஓட்டிய மாரியோ பினோவை எடுத்துக்கொள்ளுங்கள். கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயத்தில் 2007-இல் ஹார்ட் ஸ்பன் என்ற குதிரை மேல் இரண்டாவதாக வந்தார், ஜெயிக்கவேயில்லை. ஆனாலும் சக ஜாக்கிகள் 2013-இல் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கையில் ஓட்டு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

தெருமுனை வாசகன்:
ஓட்டு யாருக்கு என்று பேசுகிறீர்கள், குதிரைக்கு ஓட்டு உண்டா? 2002-இல் இதே விருதை வாங்கியவர் ரஸல் பேஸ். 2007-இல் பே மெடோஸ் மைதானத்தில் இம்பீரியல் ஐஸ் என்ற குதிரை முன்னணியில் ஓடும்போது கால் உடைந்தது, அதன் பிறகும் சவுக்கால் அடித்தார். குதிரை இரண்டாவதாக வந்தது, பிறகு அதைக் கருணைக் கொலை செய்தார்கள். 15 நாள் தடை, 2,500 டாலர் அபராதம். அவ்வளவுதான்.

வெயிலோன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தோழனிடம் கண்ணியமாக நடந்துகொள்வது குணத்தில் பாதிதான்.

லாடம்:
விருது கொடுத்து ஐந்து வருடம் கழித்து நடந்ததை 2002-இல் எப்படிப் பார்ப்பார்கள்? சவுக்கடியைக் கட்டுப்படுத்த விதிதான் வேண்டும், அது இப்போது வந்திருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து நாடு தழுவிய விதியில் ஒரு பந்தயத்துக்கு ஆறு சவுக்கடிதான். 2019 டெர்பியில் மாக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தும், மற்ற குதிரைகளின் பாதையில் குறுக்கே போனதற்காக 17-வது இடத்துக்குத் தள்ளினார்களே, ஜாக்கிக்குத் தடையும் போட்டார்களே, அது விதியின் வேலை. வேலி ஓரத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு ஒரு நொடி வழி விடுகிறான் பாருங்கள், அதை எந்த ஸ்டூவர்டும், அதாவது பந்தய நடுவரும், எழுதி வைப்பதில்லை. விருது அதற்கு.

மழைக்காகிதம்:
அப்படியென்றால் ஒரு திருத்தம். குதிரைகளைப் பராமரிக்கும் க்ரூம்களுக்கும் ஓட்டுக் கொடுங்கள். பந்தயம் முடிந்து திரும்பும் குதிரையின் உடம்பில் தழும்பு எவ்வளவு, வாய் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஒவ்வொரு ஜாக்கியின் கையும் எப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.

வெயிலோன்:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. ட்ரெய்னர்களையும் சேர்க்கலாமே.

லாடம்:
க்ரூம்களைச் சேர்க்கலாம், மறுப்பில்லை. ட்ரெய்னர்கள் வேண்டவே வேண்டாம். ஜாக்கிக்குக் குதிரை கொடுப்பதே அவர்கள்தான், நாளைக்கு அவர்களிடமே முடியாது என்று சொல்லத் தெரிந்த ஜாக்கிக்கு ஒரு ஓட்டும் விழாது.