பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், ஜி.ஆர்.இ. பதிவில் இனிஷியல் சேர்ந்துவிட்டது. தேர்வுக்கு 11 நாள்தான், உள்ளே விடுவார்களா?

ஒற்றைப்பெயர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறேன். என் பெயரை 'கயல்விழி' என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, கிவன் நேமில் 'கயல்விழி' மட்டும். கல்லூரி மார்க் ஷீட், ஆதார் இரண்டிலும் அப்பா இனிஷியலோடு 'கயல்விழி டி'.

மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வுக்குப் பதிவு பண்ணும்போது கடைசிப் பெயர் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தது. வேறு வழி தெரியாமல் அதில் 'டி' என்று ஒரே ஒரு எழுத்தைப் போட்டுப் பணமும் கட்டிவிட்டேன். பாஸ்போர்ட்டோடு பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நேற்று ஹாஸ்டலில் ஒருத்தி சொன்னாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

கேள்விகள்: உள்ளே விடுவார்களா? ஆதாரில் இனிஷியல் இருக்கிறதே, அதைக் காட்டினால் ஆகாதா? டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு இன்னும் பதிவு செய்யவில்லை, அதற்கு எந்தப் பெயர் கொடுப்பது?

மொட்டைமாடி:
இப்பல்லாம் ஜி.ஆர்.இ. எங்கங்க கேக்குறாங்க? கொரோனாவுக்கு அப்புறம் பாதிப் பேர் எடுத்துட்டாங்களே. பேசாம கேன்சல் பண்ணிடுங்க.

ஒற்றைப்பெயர்க்காரி:
நான் போடுகிற ஆறில் இரண்டு கட்டாயம் கேட்கிறது. ஒன்றில் 'விருப்பமிருந்தால்' என்று இருக்கிறது. என் சி.ஜி.பி.ஏ. 7.4 என்பதால் அந்த இடத்துக்கும் ஸ்கோர் இருந்தால்தான் நல்லது.

பாலக்கரை பையன்:
தங்கச்சி, பயமுறுத்தச் சொல்லவில்லை. இது எனக்கே நடந்தது.

எனக்கும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். கடைசிப் பெயரில் அப்பா பெயரை முழுசாகப் போட்டுப் பதிந்திருந்தேன். அரை மணி நேரம் முன்னாடியே சென்டருக்குப் போய்விட்டேன். வரவேற்பில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டை விரித்து, ஸ்க்ரீன் பக்கத்தில் பிடித்து, ஆள்காட்டி விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஓட்டினார். என் பெயர் முடிந்ததும் விரல் நின்றுவிட்டது. "இந்த ரெண்டாவது பேர் இதுல இல்லையே தம்பி?" பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இதோ இருக்கே" என்று காட்டினேன். "அது உங்க அப்பா பேரு. உங்க பேரா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது!

உள்ளே யாரிடமோ போனில் இருபது நிமிடம் பேசிவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டின பணம் போச்சு. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, தப்பு நான் நிரப்பியதில்தான். சென்டருக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கணினிக்குருவி:
சிம்பிள். முதல் பெயரில் எஃப்.என்.யு. போடணும், கடைசிப் பெயரில் உங்க பெயர். என் ஃபிரண்டு விசாவில் அப்படித்தான் இருக்கு.

ஐ-20 அக்கா:
குருவி, அங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். எஃப்.என்.யு. என்றால் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அது டி.எஸ்-160 விசா படிவத்தில் வருவது. தேர்வுப் பதிவில் அதைப் போட்டால் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயரை நீங்களே சேர்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இனிஷியல் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

நான் டெக்சஸில் ஒரு பல்கலையில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். இனிஷியல் வைத்து வளர்ந்த ஊரை இரண்டு பெட்டிக்குள் அடைக்கச் சொன்னால் வேறு என்ன ஆகும்?

இந்தத் தேர்வை நடத்தும் இ.டி.எஸ். சொல்வது இதுதான்: ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் முதல் பெயர் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, முழுப் பெயரையும் கடைசிப் பெயர் பெட்டியில் போட வேண்டும். 'கயல்விழி' என்பது உங்களுக்குக் கிவன் நேமாகத் தோன்றும், பாஸ்போர்ட்டிலும் அந்த இடத்தில்தான் இருக்கும். இருந்தாலும் அங்கே கடைசிப் பெயர்தான். விசாவுக்காகப் பல்கலை தரும் ஐ-20 படிவம் போடும்போது நாங்களும் அப்படித்தான் போடுவோம், எங்கள் சிஸ்டத்தில் கடைசிப் பெயர் காலியாக இருக்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. சென்டரைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர்களால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இ.டி.எஸ். வாடிக்கையாளர் சேவையை இன்றைக்கே பிடியுங்கள். பதிவு எண், பாஸ்போர்ட் முதல் பக்க ஸ்கேன் இரண்டும் கையில் இருக்கட்டும். "நான் வேறு ஆள் இல்லை, இனிஷியலை எடுத்துவிட்டுப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் மாற்றுங்கள்" என்று கேளுங்கள். பயத்தில் புதிதாக இன்னொரு கணக்குத் திறந்துவிடாதீர்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக்குவது பெரிய தலைவலி.

தேர்வுக்கு நாலு நாள் முன்னால் வரைதான் தேதி மாற்றவோ, ரத்து செய்து பாதிப் பணம் திரும்ப வாங்கவோ முடியும். உங்களுக்கு ஏழு நாள் இருக்கிறது. ஆறாவது நாளும் பெயர் மாறவில்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

ஆதார் வேண்டாம். வாசலைத் தாண்டுவது மட்டுமா பிரச்சினை? ஸ்கோர் 'கயல்விழி டி' என்று பல்கலைக்குப் போகும், விண்ணப்பம் பாஸ்போர்ட்டின்படி 'கயல்விழி' என்று கிடக்கும், இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? டோஃபலுக்கும் அச்சு அசலாக இதே மாதிரி கொடுங்கள்.

வன்னிப் பெடியன்:
எங்கட பக்கமும் இதே கரைச்சல்தான் அக்கா. எங்களுக்கு அப்பான்ர பேர் முன்னுக்கு வரும். கடைசிப் பேர் எது எண்டு போர்மில கேட்டா, வீட்டில நாலு பேரும் நாலு மாதிரி நிரப்பி வச்சிருக்கிறம்.

கராமா பிளாட்:
2022 நவம்பரில் யு.ஏ.இ.க்கு விசிட் விசாவில் வருகிறவர்கள் ஒற்றைப் பெயரோடு வரக் கூடாது என்று திடீரென்று சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே எத்தனை வீட்டில் மாமியார் வர முடியாமல் போனது! (சிலருக்கு அது சந்தோஷம், அது வேறு கதை.) அப்புறம் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். சர்நேம் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

ஒற்றைப்பெயர்க்காரி:
அப்பாவும் அதேதான் சொல்கிறார். தட்கலில் போட்டுவிடலாமா?

ஐ-20 அக்கா:
இப்போது வேண்டவே வேண்டாம்மா. புதுப் பாஸ்போர்ட் வந்தால் பெயரும் மாறும், நம்பரும் மாறும். தேர்வு ஒரு பெயரில், விண்ணப்பம் ஒரு பெயரில் என்று ஆகும். மாற்றுவதாக இருந்தால் முதல் தேர்வுக்குப் பதிவதற்கு முன்னால் மாற்றியிருக்க வேண்டும். நடுவில் கை வைக்காதீர்கள். ஒற்றைப் பெயரோடு இங்கே படித்து, வேலைக்கும் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒற்றைப்பெயர்க்காரி (மூன்று நாள் கழித்து):
மாறிவிட்டது! முதல் தடவை போன் போட்டபோது நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு லைன் கட் ஆனது. இரண்டாவது தடவை ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் பக்கத்தை மெயிலில் அனுப்பச் சொன்னார். மறுநாள் பதில் வந்தது. கணக்கில் இப்போது முதல் பெயர் காலி, கடைசிப் பெயர் கயல்விழி.

பாலக்கரை பையன்:
அப்பாடா. இனி கணக்குப் பகுதியைப் பாருங்க தங்கச்சி. 2023 செப்டம்பருக்கு அப்புறம் தேர்வே 1 மணி 58 நிமிடம்தான், கட்டுரையும் ஒன்றுதான். ஆனால் நடுவில் இடைவேளை கிடையாது, காலையில் தண்ணீரை அளவாகக் குடிச்சுட்டுப் போங்க.

ஒற்றைப்பெயர்க்காரி (தேர்வு அன்று மாலை):
முடித்துவிட்டேன். பாலக்கரை அண்ணா சொன்ன அதே விரல்! இந்தத் தடவை ஒரு சார். விரல் என் பெயர் முடிவு வரை ஓடியது. "ஃபர்ஸ்ட் நேம்?" என்றார். இல்லை சார் என்றேன். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவர் தலையாட்டினார். மூன்றே நிமிடம்தான், ஆனால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்புறம் லாக்கர் சாவி, கைச்சட்டையை மடித்துக் காட்டுவது, பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டுவது, கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பது என்று கோவில் கருவறைக்குப் போகிற மாதிரி சோதனை.

வெர்பல் 154, குவாண்ட் 166. ஸ்க்ரீனிலேயே வந்தது. நாலு பல்கலைக்கு இலவசமாக அனுப்பச் சொல்லி இருக்கிறேன்.

மொட்டைமாடி:
166ஆ! நான் கேன்சல் பண்ணச் சொன்னதை மறந்துடுங்க.

ஒற்றைப்பெயர்க்காரி (ஐந்து வாரம் கழித்து):
இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னிக்கவும். மூன்று இடத்தில் ஸ்கோர் ஏறிவிட்டது. நாலாவது பல்கலையின் போர்ட்டலில் மட்டும் 'ஜி.ஆர்.இ. வரவில்லை' என்றே காட்டுகிறது. இ.டி.எஸ். கணக்கில் அனுப்பியதாகவே இருக்கிறது. அந்த விண்ணப்பம் முதல் பெயர் இல்லாமல் நகரவில்லை என்பதால் அங்கே ஒரு புள்ளி வைத்திருந்தேன். அதனால் இருக்குமா?

ஐ-20 அக்கா:
அந்தப் புள்ளிதான்! ஸ்கோர் வந்திருக்கும், ஆள் கிடைக்காமல் ஒரு ஓரத்தில் கிடக்கும். டிபார்ட்மென்டுக்கு எழுதாதீர்கள், கிராஜுவேட் அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிறந்த தேதி, ஜி.ஆர்.இ. பதிவு எண், விண்ணப்ப எண், பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரே மெயிலில். 'பெயர் ஒற்றைச் சொல், கையால் பொருத்திவிடுங்கள்' என்று இரண்டே வரி போதும்.

ஒற்றைப்பெயர்க்காரி:
எழுதினேன் அக்கா, நாலாம் நாள் ஏறிவிட்டது. பதில் மெயில் இப்படி ஆரம்பித்தது: 'அன்புள்ள புள்ளி,'