அரோகேரியா படுத்தே வளருது, ஜூனிபர் ஒட்டு காயுது, பன்யா விதை முளைக்கல: டெல்டாவில் ஊசியிலை மரம் பெருக்க என்ன வழி?

மன்னை_மாடி:

வணக்கம். மன்னார்குடியில் மாடித்தோட்டம். 50 சதவீதப் பச்சை நிழல்வலை, போர் தண்ணீர். தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற அரோகேரியாவில் பக்கக் கிளையை வெட்டி வைத்தேன், வேர் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு வருடமாகியும் நிமிரவில்லை. குச்சி நட்டுக் கட்டினால் சரியாகுமா?

வெள்ளைத் திட்டு உள்ள கைஸுகா ஜூனிபரை துஜா நாற்றில் ஒட்டுக் கட்டினேன். மாமரத்துக்குச் செய்வதுபோலவே துஜாவின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு செருகி, மேலே பாலிதீன் பை. மூன்று வாரம் பச்சையாக இருந்தது, அப்புறம் மொத்தமும் பழுப்பு.

பன்யா பைன் விதை ஐந்து நட்டு மூன்று மாதமாகிறது. மண்ணுக்கு மேலே ஒன்றுமே இல்லை. கொட்டிவிடலாமா?

ஒட்டுக்கத்தி:

பன்யாவைக் கொட்டாதீங்க. அதைப் பற்றி விதைக்காரர் யாராவது விவரமாகச் சொல்வார். மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

அரோகேரியாவில் பக்கக் கிளைக்குத் தான் பக்கக் கிளை என்பது மறக்காது. வேர் விட்டுத் தனிச் செடியானாலும் தட்டையாகத்தான் போகும். குச்சி கட்டினால் கட்டிய இடம் வரை நிமிரும், புது வளர்ச்சி மறுபடி சாயும். அந்தச் செடியை அழகுக்குத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம், மரமாகாது. நேராக வளர வேண்டுமானால் போத்து, அதாவது வேர் பிடிக்க நடும் குச்சி, நடுத்தண்டின் நுனியிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு மரத்துக்கு நுனி ஒன்றுதானே என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. தாய்ச்செடியின் நடுநுனியை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி அதைப் போத்தாக வையுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே, தண்டோடு ஒட்டிய இலைக் கக்கங்களில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் சில மாதத்தில் விழித்து இரண்டு மூன்று நேர்த்தண்டுகள் கிளம்பும். அவை 10 முதல் 12 செ.மீ. வந்து, அடிப்பகுதி அழுத்தினால் வளையாத அளவுக்கு முற்றியதும் எடுக்கலாம். ஒன்றை மட்டும் தாய்ச்செடிக்குத் தலையாக விட்டுவிடுங்கள். வெட்டுவாயில் பிசின் வழியும். அது நிற்கும் வரை வெதுவெதுப்பான நீரில் அடியை நிறுத்தி, துடைத்துவிட்டுத்தான் வேர்விட உதவும் ஹார்மோனில் தோய்க்க வேண்டும். பிசின் மூடிய வெட்டுவாயில் மருந்தும் இறங்காது, நீரும் ஏறாது.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை: தொட்டியில் அடியை விலக்கிப் பாருங்கள். செழிப்பாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு மூன்று நாற்றை ஒன்றாக நட்டு விற்பதுண்டு. அப்படியிருந்தால் மழைக்காலத்தில் வேர்மண் உடையாமல் பிரித்து நட்டாலே போதும், கத்தியே வேண்டாம். நார்ஃபோக் பைன் என்ற பெயரில் வருவதில் நிறைய குக் பைன்தான். இரண்டும் அரோகேரியாதான், முறை ஒன்றே.

ஜூனிபருக்கு வருவோம். பச்சையாக இருந்ததை ஒட்டுப் பிடித்ததாக எடுத்துக்கொண்டீர்கள். ஊசியிலைக் குச்சி ஒட்டாமலே தன் ஈரத்தில் மூன்று நான்கு வாரம் பச்சையாக நிற்கும். ஒட்டுக் கெட்டது தலையை வெட்டியதால். மாமரத்துக்குத் தலையை வெட்டினால் கீழிருந்து தளிர் வரும். துஜாவோ ஜூனிபரோ இலையில்லாத மரப்பகுதியிலிருந்து தளிர்ப்பது அரிது. மேலே இலை இல்லாவிட்டால் வேருக்குச் சாப்பாடு இல்லை. அதனால் இதற்குப் பக்க ஒட்டுத்தான், வேர்ச்செடியின் (ஒட்டைத் தாங்கும் கீழ்ச்செடியின்) தலை அப்படியே இருக்கட்டும்.

வேர்ச்செடி பென்சில் பருமன், 6 முதல் 8 மி.மீ. இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள், இல்லையென்றால் வெட்டில் நீரும் பிசினும் பொங்கிக் குச்சியைத் தள்ளிவிடும். ஒட்டுக்குச்சி 10 முதல் 12 செ.மீ., அடி பழுப்பேறத் தொடங்கிய போன பருவத்து வளர்ச்சி. கீழே 4 செ.மீ. மட்டும் இலையை உருவுங்கள், மேலே உள்ளதை அப்படியே விடுங்கள். ஒரு பக்கம் 3 செ.மீ. நீள வெட்டு, எதிர்ப்பக்கம் அரை செ.மீ. குட்டை வெட்டு. வேர்ச்செடியின் அடியில் அதே நீளத்துக்குப் பட்டையோடு மெல்லிய சீவல் எடுத்து, அடியில் உதடுபோல் விட்டு, அதில் குச்சியை உட்காரவைக்க வேண்டும். குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காதீர்கள். ஒரு ஓரத்தில் பட்டைக்கு உட்புறப் பச்சைக்கோடும் பச்சைக்கோடும் சேர்ந்தால் போதும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டால் துடையுங்கள், பிசின் ஒட்டிய பிளேடு சீவாது, கிழிக்கும்.

ஒட்டுவாயை மட்டும் நாடாவால் சுற்றுங்கள். இலைமேல் பையை ஒட்ட மாட்டினால் உள்ளே வெந்துபோகும். தொட்டியோடு சேர்த்து மூங்கில் பிளாச்சு வளைத்துக் கூடாரமாகப் போட்டு, வடக்குச் சுவரோரம் வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். காலையில் பத்து நிமிஷம் திறந்து மூடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒட்டுவாயில் வெளிர் கோடாகத் தழும்பு தெரியும். தை பாதியில் கட்டினால் பங்குனியில் வேர்ச்செடியின் தலையில் மூன்றில் ஒரு பங்கு, ஆடியில் இன்னொரு பங்கு, ஐப்பசியில் மிச்சம். அவ்வளவு பொறுமையாகத்தான் குறைக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை:

ஒட்டுக்கத்தி அண்ணன் சொன்ன முறை சரிதான். ஆனால் கைஸுகாவுக்கு ஒட்டே தேவையில்லையே? அது போத்தில் வேர் விடும், நாள்தான் ஆகும். போத்தில் வராத ரகத்துக்கு ஒட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

துஜா வேரும் நம்ம ஊருக்கு ஆபத்துதான். கார்த்திகை மழையில் நாலு நாள் தொட்டி சொதசொதவென்று நின்றால் வேரழுகல் வந்துவிடும். மேலே ஒட்டின ஜூனிபர் அதோடு சேர்ந்து போகும். கட்டாயம் ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேர் விட்ட பச்சை ஜூனிபர் போத்தையே வேர்ச்செடியாக வையுங்கள்.

வெள்ளைத் திட்டுச் செடியில் எடுக்கும்போது பச்சையும் வெள்ளையும் கலந்த குச்சியாகப் பாருங்கள். முழு வெள்ளைக் குச்சியில் பச்சையம் இல்லை, பிழைக்காது. முழுப் பச்சை நன்றாகப் பிழைக்கும், ஆனால் சாதா ஜூனிபராகிவிடும்.

விதைப்பெட்டி:

பன்யா விதை மண்ணுக்கு மேலே முளைப்பதில்லை. பனங்கொட்டையைப் புதைத்தால் முதலில் கிழங்கு கீழே இறங்குமே, அந்தக் கதைதான். விதைக்குள்ளிருந்து ஒரு குழல் இறங்கி மண்ணுக்குள் கிழங்கு பருக்கும். சத்து முழுக்க அதற்குள் போனதும் விதை ஓடு வெறுமையாகிக் கழன்றுவிடும். கிழங்கு அப்படியே சில மாதம் சும்மா கிடக்கும், சிலது ஒரு வருடம்கூட. பிறகுதான் தளிர். ஓடு காலியாகிவிட்டது என்று தூக்கியெறியப்பட்ட விதைகளில் பாதி உயிரோடு போயிருக்கும்.

ஓரத்தில் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். பழுப்புத் தோலோடு கெட்டியாகக் கிழங்கு தென்பட்டால் மூடிவிடுங்கள். தொட்டால் குழைந்தால் போய்விட்டது. தளிர் வரும் வரை மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இந்தக் காலத்தில் சாவது தாகத்தால் அல்ல, ஊறுவதால். மழைநாளில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். ஆழமான தொட்டி தேவை, 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மேலே கம்பிவலை போடுங்கள், அணில் விடாது.

பன்யாவும் அரோகேரியா இனம்தான். மற்ற அரோகேரியா, அதன் உறவு மரமான அகாதிஸ் விதைகளுக்கு ஆயுள் குறைச்சல். சாதாரண அறை வெப்பத்தில் சில வாரத்திலேயே முளைப்புத்திறன் இறங்கும். விற்பவரிடம் எப்போது பறித்தது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். இரண்டு மூன்று விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகக் கெட்டியாகப் பருப்பு இருக்க வேண்டும். சக்கை விதை இந்த இனத்தில் சகஜம். கூர்முனை கீழே இருக்கும்படி சாய்த்துச் செருகி, சிறகு வெளியே தெரியும் அளவுக்கு மூடினால் போதும்.

டெல்டாவில் வித்தியாசமாக ஒன்று வேண்டுமென்றால் டாக்சோடியம் வளருங்கள். நீர் தேங்கும் வயல் மூலையிலும் நிற்கும் ஊசியிலை மரம் அது. அமெரிக்கச் சதுப்பு இனமான டாக்சோடியம் டிஸ்டிகம் விதையை ஈரத் தென்னைநார்த் துகளில் கலந்து, பிரிட்ஜ் கீழ்த்தட்டில் 60 முதல் 90 நாள் வைத்துத்தான் விதைக்க வேண்டும். மெக்சிகோ இனமான மியூக்ரோனேட்டம் பெரும்பாலும் குளிர் கேட்காது, சுண்ணாம்பு நீரையும் உப்பையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று கவனம்: மரம் தண்ணீரில் நிற்கும், விதை தண்ணீருக்குள் முளைக்காது. முளைக்கும் வரை ஈரம் மட்டும்.

கொடைக்கானலில் பொறுக்கிய பைன் விதை முளைக்கத்தான் செய்யும். அது மெக்சிகோ மலை மரம், நம் இரவு வெக்கைக்கு ஈடுகொடுக்காது. ஸ்ப்ரூஸ், ஃபிர் எல்லாம் கேட்கவே வேண்டாம்.

மன்னை_மாடி:

மிக்க நன்றி. ஒரு விதையின் ஓரத்தில் விலக்கிப் பார்த்தேன், விரல் பருமனில் கிழங்கு இருக்கிறது! கைஸுகாவைப் போத்திலேயே போட்டுவிடுகிறேன். மண்கலவை, ஹார்மோன் அளவு சொல்லுங்கள். ஐப்பசி மழையில் வைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்தானே?

கொள்ளிடக்கரை:

ஐப்பசி வேண்டாம். ராத்திரியும் வெக்கை, இலை எந்நேரமும் நனைந்தே இருக்கும். அடி அழுகி, அடைமழைக்கு நடுவே பூஞ்சணம் ஏறிவிடும். மார்கழி கடைசியிலிருந்து தை முடிய வையுங்கள். மேல்நாட்டுக்காரர்கள் ஹீட்டர் வைத்து அடிமண்ணைச் சூடேற்றுகிற வேலை நமக்கு இல்லை, 20, 22 டிகிரி தானாகவே கிடைக்கும்.

கலவை: கருக்கிய உமி இரண்டு பங்கு, கழுவிய பெருமணல் ஒரு பங்கு, தென்னைநார்த் துகள் ஒரு பங்கு. உமி கறுப்பாக இருக்கும்போதே நீர் தெளித்து அணைக்க வேண்டும், வெள்ளைச் சாம்பலானால் காரம் ஏறிவிடும். எம்-சாண்ட் என்றால் மாவுத்தூள் போகும் வரை அலசுங்கள். நார்த்துகளை மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து, சாயத்தண்ணீர் வெளுத்த பிறகே சேருங்கள். வயல் வண்டலைப் பிடியளவுகூடப் போடாதீர்கள்.

ஹார்மோன் ஐபிஏ (இண்டோல் பியூட்ரிக் அமிலம்). தண்ணீரில் கரையாது. 300 மி.கி. ஐபிஏவை 50 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு 50 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 3000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3000 பங்கு). அடி 1.5 செ.மீ. ஐந்து நொடி தோய்த்து, ஆல்கஹால் காய்ந்ததும் நடுங்கள். மிச்சத்தைப் பழுப்புப் புட்டியில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பிரிட்ஜில் வைக்கலாம்.

குச்சியை வெட்டாமல், தாய்க்கிளையின் மரச்சீவல் கொஞ்சம் குதிகால்போல ஒட்டி வரும்படி கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து, தொங்கும் நாரை மட்டும் நறுக்குங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தம்ளரில் அடியில் ஓட்டை போட்டு நட்டு, அதைக் கறுப்புத் தொட்டிக்குள் இறக்கி வைத்தால் வேர் வந்ததா என்று பிடுங்காமலே பார்க்கலாம். நுனியில் புதுப்பச்சை வந்தால் நம்பாதீர்கள், வேரில்லாமலும் வரும். சவுக்குப் போத்து வைத்துப் பழகியவர்கள் சில வாரத்திலேயே அசைத்துப் பார்த்துக் கெடுப்பார்கள். சவுக்கு ஊசியிலை மரமே இல்லை, பூக்கும் இனம். ஜூனிபருக்கு மூன்று மாதம், சிலதுக்கு ஐந்தும் ஆகும்.

அடியில் உருண்டையாகக் கட்டி மட்டும் திரண்டு வேர் வராமல் நின்றால் காரத்தன்மையைச் சந்தேகப்படுங்கள். கட்டியின் மேல்தோலைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டி, மறுபடி ஹார்மோன் தோய்த்து, புதுக் கலவையில் நடுங்கள். உங்கள் போர் தண்ணீர்தான் இதற்குக் காரணமாகும். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்துப் போத்துக்கு அதையே ஊற்றுங்கள். தீர்ந்துபோனால் லிட்டருக்குக் கால் கிராம் எலுமிச்சை உப்பில் (சிட்ரிக் அமிலம்) தொடங்கி, பிஎச் தாளில் 6 முதல் 6.5 வரும் வரை சரிசெய்யலாம். சுண்ணாம்புப் படிவுக்குத்தான் இது உதவும். தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது என்றால் எதைக் கலந்தாலும் பிரயோஜனமில்லை, மழைத்தண்ணீர் ஒன்றுதான்.