புதுப்பிப்பு: பார்க்கின்சன் மாத்திரையும் அடக்க முடியாத உந்துதலும்

பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் திடீரென வரும் சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, மிகைக் காம இச்சை எல்லாம் நோயின் விளைவு என்று மட்டும் முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது போதாது, மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்நோயில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் முதலில் வற்றுவது, மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின், அசைவை நடத்தும் மேல்புறத்தில். ஆசையையும் வெகுமதியையும் கையாளும் கீழ்ப்புறப் பகுதி தொடக்கத்தில் ஓரளவு நன்றாகவே இருக்கும். டோபமின் குறையை ஈடுசெய்யத் தரும் மருந்து அசைவுக்குச் சரியான அளவில் இருந்தாலும் அங்கே மிகையாகிவிடுகிறது. டோபமினைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் இரண்டும் அங்கு செறிந்துள்ள டி3 ஏற்பிகளை (டோபமின் வந்து ஒட்டும் இடங்களில் ஒருவகை) அதிகம் பற்றுவதால் சிக்கல் கூடுகிறது. 3,090 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான டொமினியன் ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1% பேருக்கும் எடுக்காதவர்களில் 6.9% பேருக்கும் இக்கோளாறு இருந்தது. மாத்திரை தொடங்கிப் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

நீங்களாக மருந்தைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பதற்றம், வியர்வை, மனச்சோர்வு வரக்கூடும். பார்க்கின்சனுக்குத் தரும் இன்னொரு மருந்தான லெவோடோபாவைக் கூட்டினாலும் இவை அடங்காது. நரம்பியல் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வெட்கத்தால் நோயாளி பெரும்பாலும் வாய்திறக்கமாட்டார். வங்கிக் கணக்கையும் இரவில் போனில் கழியும் நேரத்தையும் வீட்டார் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை, அவரிடம் பேசி, பணம் அனுப்பும் தினசரி வரம்பைக் குறைத்து வையுங்கள்.